போர்டு அவளிடம், பிராசஸர் அவனிடம்

"அந்த டப்பாவைக் கொஞ்சம் கீழ வைங்க மேடம்."

"எதுக்கு வைக்கணும்? பில் போட்டாச்சு."

"அது எனக்கு வேணும்."

"எனக்குக்கூட என்னென்னவோ வேணும். கேட்டா கிடைக்குதா?"

சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி, இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு. நல்ல கண்கள்தான். அதனால் என்ன? கண் நன்றாக இருந்தால் அடுத்தவள் வாங்கிய சாமானுக்குக் கை நீட்டலாமா?

அவள் நெஞ்சோடு அணைத்திருந்தது ஒரு மதர்போர்டு. கணினிச் சாமான் விற்கும் அந்தச் சந்துக் கடையில் அந்த ரகத்தில் கடைசி ஒன்று. எட்டு ரேம் செருக இடம், நாள் முழுக்கப் பாரம் இழுத்தாலும் துவண்டுபோகாத மின்பகுதி... பார்த்துப் பார்த்து, விசாரித்து, மண்டை காய்ந்துபோய்த் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பொருந்தும் பிராசஸர் ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது.

"பிராசஸர் பக்கத்துக் கவுன்ட்டர்ல," என்றார் போர்டு விற்ற அண்ணன்காரர், அந்தப் பக்கம் திரும்பாமலே.

ஒரே கடைதான். ஆனால் நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் அண்ணன், போர்டு விற்பார். அந்தப் பக்கம் தம்பி, பிராசஸர் விற்பார். மின்விசிறி யார் பக்கம் திரும்பி நிற்பது என்று எப்போதோ மூண்ட சண்டையில் பேச்சு நின்றுபோய், வியாபாரத்தையும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் என்ன விற்றார் என்று மற்றவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதும் கௌரவக் குறைச்சல்.

அவள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்க் கேட்டாள்.

"இப்பத்தானேம்மா கடைசிப் பீஸ் போச்சு," என்றார் தம்பிக்காரர். "அதோ நிக்கிறாரே... அவருக்கு."

நனைந்த சட்டைக்காரன் தன் தோள்பையைத் தட்டிக் காட்டினான்.

அவள் டப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டு தம்பிக்காரரிடம் திரும்பினாள்.

"புதுச் சரக்கு எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

"சரி, இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"

தடுப்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மூச்சில் பதில் வந்தது. "வித்த சாமான் வித்ததுதான்." உடன்பிறந்தவர்கள் இன்னும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அது.

வெளியே வந்தால் மழை விட்டபாடில்லை. இரண்டு பேரும் ஒரே தாழ்வாரத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

"பிராசஸரை எனக்குக் குடுத்துடுங்க சார். திங்கக்கிழமைக்குள்ள எனக்கு வேலை முடியணும்."

"போர்டை எனக்குக் குடுத்துடுங்க மேடம். எனக்குச் செவ்வாய்க்கிழமை எலும்பு குடுக்கணும்."

"என்னது?"

"எலும்புங்க. நோயாளியோட ஸ்கேனைக் கம்ப்யூட்டர்ல போட்டு, எலும்பை அப்படியே வடிச்சு மாதிரி செஞ்சு குடுப்பேன். டாக்டர் அதைக் கையில வச்சுப் பார்த்துட்டுத்தான் கத்தியை எடுப்பார். இந்தத் தடவை ஒரு தாடை. நீங்க?"

"அச்சு வரையறேன். பவுண்டரிக்கு, இரும்பு வார்க்கிற பட்டறைக்கு."

பட்டறையில் அவள் பெயரே அச்சுதான். மண் அச்சுக்கு அவள் படம் போடுவாள். உருகிய இரும்பைக் கரண்டியில் ஏந்தி அவள் அப்பா அதில் ஊற்றுவார். போன முறை குத்துமதிப்பாக ஊற்றினார்கள். உள்ளே அடைபட்ட காற்று சீறிக்கொண்டு வெளியேற, இரும்பு தெறித்து அப்பாவின் முழங்கை முதல் மணிக்கட்டு வரை வெந்துபோனது. புண் காய்ந்தும் காயாமலும் திங்கட்கிழமை அவர் திரும்பப் போகிறார். அதே வேலை, அதைவிடப் பெரிய அச்சு. இரும்பு எப்படி ஓடும், காற்று எங்கே அடைபடும் என்று முதலில் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருந்தாள். இருந்த பழைய கணினியோ புகைவிட்டுச் செத்துவிட்டது. பட்டறை யாருக்காகவும் காத்திருக்காது. கணக்கு வந்தாலும் திங்கட்கிழமை மதியம் ஊற்றுவார்கள்; வராவிட்டாலும் ஊற்றுவார்கள்.

இதையெல்லாம் முன்பின் தெரியாதவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அவசரம்," என்று மட்டும் சொன்னாள்.

அவன் மழையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "தலை என்கிட்ட இருக்கு, உடம்பு உங்ககிட்ட இருக்கு. சேர்த்து ஒரே மெஷினாக் கட்டுவோம். முதல்ல உங்க வேலை, அப்புறம் என்னோடது."

"எங்க வீட்லதான் வைக்கணும். அப்பா இருப்பார்."

"இருக்கட்டும். அப்பாக்களைக் கண்டு எனக்குப் பயமில்ல."

"எங்கப்பாவை நீங்க பார்த்ததில்ல."

வீட்டில் அப்பா நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தரையில் துணி விரித்து இருவரும் சாமான்களைப் பரப்பினார்கள்.

"எலும்புக்கு எதுக்கு இத்தனை கோர் உள்ள பிராசஸர்?" என்று ஆரம்பித்தாள் அச்சு. "வேகமான எட்டு கோர் போதுமே."

"எலும்பைப் பத்தி எலும்புக்காரன்கிட்டயேவா? ஒரு பயில்வான் ஓடி ஓடி மூட்டை தூக்கறதைவிட, முப்பது ஆள் நிதானமாத் தூக்கினா லாரி சீக்கிரம் காலியாகும்."

அவள் சொல்ல வைத்திருந்த பதிலும் அதேதான். அவன் முந்திக்கொண்டதில் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "சூடு கடத்தற பேஸ்ட்டைப் பார்த்துத் தடவுங்க. சுவத்துக்கா சுண்ணாம்பு அடிக்கறீங்க?"

"தம்பி, அவ அப்படித்தான்," என்றார் அப்பா கதவோரத்திலிருந்து. "பிறந்தப்ப அழல. அதட்டினா."

பிராசஸர் மேல் விசிறிக் கூலரை இறுக்க இருவர் விரலும் ஒரே திருகுக்குப் போயின. தொட்டுக்கொண்டன... விலகின. அவள் காது சூடானது. 'சே, இதென்ன கண்றாவி!' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

விசிறிகள் சுற்றின. திரை கருப்பாகவே இருந்தது.

"உங்க பிராசஸர் செத்தது."

"உங்க போர்டு செத்தது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்குமுன் இருவரும் வாசலில் நின்றார்கள். 'போர்டு தங்கம், அந்தப் பக்கத்துச் சரக்குதான் ஓட்டை' என்றார் அண்ணன். தம்பி தன் சரக்கு வைரம் என்றார். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்த எலும்புக்காரன்தான் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ரெண்டும் நல்லாத்தாங்க இருக்கு. போர்டு அலமாரியில ரொம்ப நாளாக் கிடந்தது. பிராசஸர் அதுக்கப்புறம் வந்தது. போர்டை எழுப்பிவிடற புரோகிராம் உள்ள இருக்கு, பயாஸுன்னு; அதுக்கு இதை அடையாளம் தெரியல. ஒரு பழைய பிராசஸரை மாட்டி, பயாஸைப் புதுப்பிச்சுட்டு, இதைத் திரும்ப வச்சா வேலை செய்யும்."

பழைய பிராசஸர் தம்பியிடம் இருந்தது. புதிய பயாஸ் அண்ணனின் பென்டிரைவில் இருந்தது.

"அவரை வந்து கேக்கச் சொல்லுங்கம்மா," என்றார் தம்பி.

"நான் ஏம்மா போகணும்? அவனைக் கொண்டுவரச் சொல்லு," என்றார் அண்ணன்.

"வயசுக்கு மூத்தவர்னா மனசு வேணும்மா."

"இளையவன்னா மரியாதை வேணும்னு சொல்லும்மா."

"நிறுத்துங்க!"

தெருவில் போன சைக்கிள்கூட நின்றது.

"தலையை அந்தப் பக்கம் வச்சு முண்டத்தை இந்தப் பக்கம் விக்கிறதுக்குப் பேரு வியாபாரமா? நாளைக்கு எங்கப்பா உலை முன்னால நிக்கப் போறார். ஏற்கெனவே கை வெந்த மனுஷன். நான் கணக்குப் போட்டுக் காட்டலைன்னா அந்த இரும்பு எங்க தெறிக்கும்னு யாருக்கும் தெரியாது. கையோட போகுமா, முகத்துக்கு வருமா... உங்களுக்கு என்னடான்னா ஃபேன் காத்து! நீங்க பேசிக்க வேணாம். மூஞ்சியைக்கூடப் பாத்துக்க வேணாம். சாமானை மட்டும் இந்த மேஜை மேல வைங்க!"

வைத்தார்கள். இருவரும் ஒரே போர்டின் மேல் குனிந்தார்கள். "அந்தக் கிளிப்பை அழுத்தாதேன்னு சொல்லும்மா." "தெரியும்னு சொல்லுங்கம்மா." கொஞ்ச நேரத்தில் 'சொல்லும்மா' தேய்ந்துபோய், "டேய், மெதுவாடா!" என்று ஒன்று நேராகவே விழுந்தது. திரை நீலமாக விழித்தது.

அவள் மூச்சுவிட்டு நிமிர்ந்தால், எலும்புக்காரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல... காது அடைச்சுக்கிச்சு."

மதியம் வீட்டில் கணக்கு ஓடத் தொடங்கியது. திரையில் அச்சுக்குள் செந்நிறம் துளித்துளியாக நிறைந்தது. பொழுது சாய்வதற்குள் முடியும் என்று அவள் நினைத்தாள். முடியவில்லை. மாலையில் பாதிகூட ஆகவில்லை. நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான்.

அப்பா கட்டுப்போட்ட கையால் அவனுக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அவன் அந்தக் கையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். கணினியைப் பார்த்தான். திரும்பவும் கடிகாரம். போனை எடுப்பதும் பையில் போடுவதுமாக இருந்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன சார், காவலா? பயப்படாதீங்க, உங்க பிராசஸரை நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன்."

அவன் போனைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினான்.

"ஒரு சாமானைக் குடுத்துட்டு இப்படியா உசுரை விடுவாங்க? கஞ்சன்கூட இப்படி உக்காந்து பாத்து நான் பாத்ததில்ல. போங்க, முடிஞ்சதும் கூப்பிடறேன்."

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். டீ ஆடை கட்டிக் கிடந்தது. அதைப் பார்க்க அவளுக்கு ஏனோ இன்னும் எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் திரை பதில் சொன்னது. அச்சின் உள்விளிம்புக்கு அடியில், நீலமாக ஒரு காற்றுப்பை. ஊற்றுவாயை மறுபக்கம் மாற்றி, விளிம்பில் காற்று போக ஒரு துளை விட வேண்டும். அப்பா படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டதாகப் போன் வந்தது. இனி மதியம் ஊற்றும்வரை அவள் நகம் கடிப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

எலும்புக்காரன் வந்தான், பேசாமல் உட்கார்ந்து தன் வேலையை ஓட்டினான். நேற்றைய பேச்சுக்கு முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கோபப்பட்டாலாவது சண்டை போடலாம்!

மதியம் அவன் போனோடு வெளியே போனான். தூறலில் நனைகிறானே என்று குடையெடுத்துக்கொண்டு போனவள் படிக்கட்டின் திருப்பத்தில் நின்றுவிட்டாள்.

"ஆமா டாக்டர்... நேத்து சாயங்காலமே ஆரம்பிச்சிருக்கணும். என் தப்புதான். மெஷின் தயாராகல... வியாழக்கிழமைக்குத் தள்ளிட்டீங்களா? சரிங்க. அந்தத் தாடை கேஸ் அம்மாகிட்ட நானே வந்து மன்னிப்புக் கேக்கறேன்... அடுத்த கேஸ் வேற ஆளுக்கா? சரிங்க டாக்டர். நீங்க சொல்றது நியாயந்தான்."

அவன் திரும்பியபோது அவள் குடையை விரிக்காமலே நின்றிருந்தாள்.

"நேத்து சாயங்காலமே உங்களுக்கு மெஷின் வேணும். ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்க."

"நிறுத்தித்தான் இருப்பேன்! மெஷின்ல பாதி உங்களோடதாச்சே."

"அதான் சொல்லல. அந்தம்மாவுக்குப் பழைய முறிவு, ரெண்டு நாள் தள்ளினா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரை நேத்தே கேட்டுக்கிட்டேன். உங்க அப்பாவோட வேலையைத் தள்ள முடியாது."

"வேலையும் போச்சு, திட்டும் வாங்கினீங்க. நான் வேற கஞ்சன்னு சொன்னேன். அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல? மனுஷன்தானே நீங்க?"

"திறந்தா காரணம் சொல்லணும்."

"சொல்றதுக்கென்ன? அப்பா கையைப் பார்த்தேன், மனசு கேக்கலன்னு சொல்லுங்களேன்!"

"அது பாதிக் காரணம்தாங்க."

தூறல் கைப்பிடிச் சுவரில் பட்டுச் சிதறியது. அவன் இமையிலும் ஒரு துளி நின்றது. அவள் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மிகவும் சிரமப்பட்டுக் கோபத்தைத் தேடினாள்.

"மீதி?"

அவன் கீழே பார்த்தான். "இப்படி அதட்டினா எப்படிச் சொல்றது?"

"எனக்கு வேற மாதிரி கேக்கத் தெரியாது..."

அவள் கையில் போன் அலறியது. அப்பா. அவசரத்தில் அவளுக்குப் பட்டன் அகப்படவில்லை. அவன்தான் அழுத்திக் கொடுத்தான்.

"பாப்பா," என்றது இரைச்சலுக்கு நடுவே குரல். "ஊத்தியாச்சு. ஒரு துளி தெறிக்கல. பால் நிறையற மாதிரி அமைதியா நிறைஞ்சுது. மேஸ்திரியே தொப்பியைக் கழட்டிட்டார்... கேக்குதா?"

கேட்டது. ஈரப்படியிலேயே உட்கார்ந்து, பிறந்தபோது அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அவன் குடையை எடுத்து விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான். தான் நனைந்துகொண்டு, இரண்டு படி தள்ளியே நின்றான்.

"எதுக்கு அங்க நின்னு நனையறீங்க?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"கிட்ட வந்தா திட்டுவீங்களோன்னு..."

"திட்டுவேன். வந்து உக்காருங்க."

உட்கார்ந்தான்.

"கடையில அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் வாங்கு வாங்குன்னு வாங்கினீங்களே," என்றான் மெல்ல. "அப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு. அதான் மீதி. உங்களுக்குப் பிடிக்கலன்னா சொல்லிடுங்க, வேலை முடிஞ்சதும் பிராசஸரைக் கழட்டிக்கிட்டு..."

"அதைத் தொட்டீங்க, விரலை ஒடிப்பேன்."

அவன் விழித்தான்.

"புரியலையா? ஐயோ, எலும்பை எல்லாம் அப்படி நுணுக்கமா வடிக்கிற ஆளுக்கு..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சலும் வெட்கமுமாக அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கும் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல தெளிவாச் சொல்ல எனக்குத் தமிழ் வராது. போதுமா?"