தாரை வார்த்த கை

மனித குலத்தின் கைகளுக்கு ஓய்வளிக்கும் மகத்தான யுகம் ஒன்று, கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் ஒரு தீப்பெட்டி ஆபீஸில், ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பிறக்க இருப்பதாக வழுவழுப்பான தாளில் நோட்டீஸ் அடித்திருந்தார்கள். ஒன்பதரைக்குக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவர் பங்க்கில் தெரிந்த ஆளைப் பார்த்துப் பேச்சில் உட்கார்ந்துவிட்டார். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். யுகம் பிறக்கிற பாடாகத் தெரியவில்லை.

தீப்பெட்டி செய்கிற இடத்தை இந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பேபி இருபத்தெட்டு வருசமாக ஆபீஸுக்குப் போய் வருகிறவள். மேசை கிடையாது, நாற்காலி கிடையாது, ஒரு சாக்கும் சம்மணமும்தான். பெட்டி அடைப்பது அவள் வேலை. இடது கை காலிப் பெட்டியைப் பிடிக்கும். வலது கை குச்சிக் குவியலில் ஒரு தரம் இறங்கி ஏறும். ஏறும்போது கையில் இருப்பது நாற்பது குச்சி. எண்ணமாட்டாள். பெட்டியைத் தரையில் ஒரு தட்டு, கட்டைவிரலால் ஒரு தள்ளு. அடுத்த பெட்டி.

முதலாளி மாயகிருஷ்ணனுக்கு அவள் வேகத்தைவிட அவள் கைராசியில்தான் நம்பிக்கை. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு மறுநாள் முதல் பெட்டி அவள் கையால்தான் அடைபட வேண்டும். ஒரு வருசம் பிரசவத்துக்குப் போய்விட்டாள். மழையே எட்டிப் பார்க்காத கரிசலில் அன்றைக்கென்று கொட்டிய மழையில் குடோன் பூராவும் நனைந்தது. அதிலிருந்து அவருக்கு அது வேதவாக்கு. இப்போது கோயம்புத்தூரிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் அடித்த ரெண்டு இரும்புக் கை வந்து இறங்கியிருக்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் இருக்கிறது, விரல் மட்டும் கைக்கு மூன்று. வேகம் உண்டு. ராசி உண்டா?

"அது சாஃப்ட்வேர்ல வராதுங்களே சார்" என்றாள் இன்ஜினியர் கிருஷ்ணப்ரியா.

"அப்ப நான் வர வைக்கேன்" என்றார் முதலாளி.

அவர் வர வைத்த வழி, பூசாரி. கன்னிகாதானம் பண்ணுவது மாதிரி பேபியின் ரெண்டு கையையும் ஏந்தச் சொல்லி, செம்புத் தண்ணீரை அதில் ஊற்றி, அது விரலிடுக்கு வழியாக இரும்பு விரல்களில் ஒழுக, அவள் தன் ராசியைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், வீட்டுக்கு அனுப்பப்படும் நாற்பத்திரண்டு பெண்களில் அவள் ஒருத்தி மட்டும் சூப்பர்வைசராக இருக்கலாம். நாற்காலி உண்டு. கழுத்தில் மாட்ட அட்டை உண்டு.

பூசாரி சொல்லிக்கொடுத்தது நீளமான வாசகம். என் ரெண்டு கையிலும் உள்ள ராசியையும் லட்சுமி கடாட்சத்தையும் என்று பேபி ஆரம்பிக்கும்போது மணி பத்து இருபத்தெட்டு.

"ஏம்மா, ராகுகாலம் வந்துட்டு. சுருக்கமாச் சொல்லும்மா!"

பேபி சுருக்கினாள். "என் ரெண்டு கையையும் இதுக்குக் குடுத்துட்டேன்."

"ஐயோ, சர்க்யூட்டுங்க சார்!" என்று கிருஷ்ணப்ரியா துண்டோடு ஓடிவந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். பேபிக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. செம்புத் தண்ணீர் அவ்வளவும் உள்ளங்கையில் விழுந்து வழிந்து போயிருக்கிறது. குளிர்ச்சியே தெரியவில்லை. கண் பார்த்தது, கைக்குத் தெரியவில்லை.

நாற்காலி பன்னிரண்டு நாள் இருந்தது. பதிமூன்றாம் நாள், அந்த வேலையைக் கேமராவே பார்த்துக்கொள்கிறது என்று சொன்னார்கள். நாற்காலியில் முதலாளியின் மச்சினர் உட்கார்ந்திருந்தார். அவர் எதைப் பார்த்துக்கொள்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை. புருசன் லாரியில் வடக்கே போயிருந்தார், மகள் கடம்பூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள், வீட்டில் பேபி மட்டும்தான். தரையில் இருந்த கேஸ் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, தாளிக்கக் கடுகு டப்பாவைத் திறந்தாள். ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெயில் அடுப்படித் தரையில் ரூபாய் ரூபாயாகக் கிடந்தது. எண்ணெய் காய்கிற வாசம். அடுத்த தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் அப்பால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து, ஆபீஸின் எட்டரை மணிச் சங்கு மெலிந்து வந்தது. வலது கை கடுகு டப்பாவுக்குள் இறங்கியது. ஏறியது. தரையை ஒரு தட்டுத் தட்டியது. கட்டைவிரல் ஒன்றுமில்லாததைத் தள்ளியது. மறுபடி இறங்கியது.

பழக்கதோஷம் என்று சிரித்துக்கொண்டாள். டப்பா காலியாகிக் கடுகு தரையெல்லாம் சிதறின பிறகும் கை நிற்கவில்லை. அப்போது சிரிப்பு நின்றது. எண்ணெய் புகைந்தது. அடுப்பை அணைக்க இடது கையை நீட்டினாள். அது வரவில்லை. மடியின்மேல் குழிந்து, காலிப் பெட்டியைப் பிடிக்கிற வாக்கில் இருந்தது. காலால் சிலிண்டரை மோதி, குனிந்து, பல்லால் அடுப்பின் குமிழைத் திருப்பினாள். உதடு வெந்தது.

மதியம் ஒரு மணிக்குக் கை நின்றது. ஒன்றரைக்கு ஆரம்பித்தது. ஐந்தரைக்கு நின்றது.

டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதினார். அவர் எழுதி முடிக்கிறவரை அவள் கை அவர் மேசையில் இருந்த பஞ்சு டப்பாவை அடைத்துக்கொண்டிருந்தது. "சும்மா இருங்கம்மா" என்றார். சும்மா இருக்கத்தான் அவளும் வந்திருந்தாள்.

கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் போட ஆள் எடுத்தார்கள். போனாள். இருக்கிறது ரெண்டு கை; அதை வைத்துத்தான் மிச்ச காலத்தைத் தள்ள வேண்டும். அங்கே வெல்லப்பாகு மணக்க மணக்க, வரிசையாய் உட்கார்ந்த பெண்கள் பார்க்கப் பார்க்க, பேபியின் கை சூடான கடலைக் குவியலில் இறங்கியது, ஏறியது, தட்டியது, தள்ளியது. மேஸ்திரி சுந்தரேஸ்வரி ரெண்டு தரம் பொறுத்தாள். "ஏட்டி, இது தீப்பெட்டி ஆபீஸ் இல்ல. திங்கிற சாமான். வீட்டுக்குப் போ."

அடுத்த வாரம் கையின் வேகம் கூடியது. நிமிசத்துக்குப் பதினைந்து பெட்டி, பிறகு இருபத்தைந்து. தோள்பட்டை எலும்பு நறநறவென்று அரைபடுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. அதற்கடுத்த வாரம் ஐந்தரைக்கு நிற்கவில்லை. ஆபீஸில் ராத்திரி ஷிப்டும் தொடங்கிவிட்டார்கள் என்று முஹ்சினா வந்து சொன்னாள். பத்து வருசம் பேபிக்குப் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்தவள், இப்போது அண்ணன் கடையில் சேலை மடிக்கிறவள். அவள்தான் பேபியின் கையை மடியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். பிடித்த வேகத்தில் விட்டாள்.

"யக்கா, சூடா இருக்கு. மோட்டார் மாதிரி இருக்கு."

"எனக்குத் தெரியலட்டி. எனக்குக் கை இருக்கதே தெரியல."

"மொதலாளிகிட்டக் கேளுங்கக்கா. குடுத்ததத் திருப்பித் தரச் சொல்லுங்க."

"என்னன்னு கேக்க? சிரிப்பாகள்ல."

"இப்ப மட்டும் என்ன, அழுதாகளாக்கும்?" என்று முஹ்சினா அவளுக்கு முந்தானையைப் போர்த்தி, கையை உள்ளே மறைத்து, ஆட்டோவில் ஏற்றினாள்.

வாசலில் காவல்காரர் கருத்தையா நோட்டை நீட்டினார். உள்ளே போகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். முந்தானைக்குள் கை இறங்கியது, ஏறியது, தட்டியது.

"கையெழுத்து இல்லாம விடப்பிடாதுன்னு ஆர்டர் தாயி."

"இந்தக் கைய வச்சு எப்படிண்ணாச்சி போடுவாக? அதுக்குத்தான வந்திருக்காக!" என்று முஹ்சினா பேனாவைப் பிடுங்கித் தானே போட்டாள். விதிப்படி, கையெழுத்துப் போட்டவர்தான் உள்ளே போகலாம் என்றார் கருத்தையா. அதைக் கால் மணி நேரம் பேசித் தீர்த்து, ஒருத்தர் மட்டும் என்று முடிவாகி, பேபி உள்ளே போனாள். முஹ்சினா வெயிலில் நின்றாள்.

ஹால் அவளுக்குத் தெரிந்த ஹால்தான். குச்சி மருந்து வாடையும் மெழுகு வாடையும் அப்படியே இருந்தன. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக இறங்கிய வெயில் கம்பங்களில் குச்சித் தூசி மிதந்தது. சிமெண்ட் தரையில், நாற்பத்திரண்டு சாக்கு கிடந்த இடத்தில் நாற்பத்திரண்டு வெளுத்த சதுரம், யாரோ அளந்து குழி தோண்டக் குறித்து வைத்த மாதிரி, வரிசையாய்க் கிடந்தது. பேச்சு இல்லை. நாத்தனாரைத் திட்டுகிற குரல் இல்லை, இருமல் இல்லை. கோடியில் அந்த ரெண்டு வெள்ளைக் கை மட்டும். இறங்கியது. ஏறியது. தட்டு. தள்ளு.

பெட்டியைத் தட்டத் தேவையே இல்லை என்று கிருஷ்ணப்ரியா ஒருநாள் சொல்லியிருந்தாள். இயந்திரத்தில் அப்படி ஒரு வேலை எழுதவில்லை. அது தட்டியது.

பேபியின் கையும் தட்டியது. ஒரே நேரத்தில். ஒரே சத்தம்.

முதலாளி விருந்தாளிக்குக் காட்டுகிற முகத்தோடு வந்தார். "ஏம்மா பேபி, பாத்தியா ஒன் ராசிய? ஒரு பெட்டி கழிவில்ல!"

"மொதலாளி, என் கையத் திருப்பிக் குடுங்க."

விசயத்தைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, தாரை வார்த்ததைத் திரும்பக் கேட்பது பெரிய பாவம், அது அவளுக்குத்தான் ஆகாது என்று அவள்மேல் அக்கறையாகச் சொன்னார். பிறகு, ஒரு நல்ல எலும்பு டாக்டர் திருநெல்வேலியில் இருக்கிறார் என்றார். பிறகு, வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும் என்றார்.

பேபிக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் பொறுத்தாள். ஒரு மணி ஆகப்போகிறது. இடைவேளையில் கை அவளிடம் திரும்பும், அரைமணி நேரம் அவள் கையாக இருக்கும். அந்த நேரத்தில் ரெண்டையும் சேர்த்துக் கும்பிட்டுக் கேட்டால் மனுசன் இறங்காமலா போவார்.

ஒரு மணி. சங்கு. கிருஷ்ணப்ரியா மெயின் சுவிட்சை இறக்கி, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, டிபன் கேரியரை எடுத்தாள். விசிறி சுற்றி ஓய்ந்தது. இரும்புக் கைகள் பாதியில் நின்றன. பேபியின் கைகள் பாதியில் நின்றன. பிறகு விழுந்தன. ரெண்டு பக்கமும், நனைந்த துணி மாதிரி, தொங்கின.

திரும்பவில்லை.

விரலை அசைக்கப் பார்த்தாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பேச்சு மட்டும் வந்தது. "மொதலாளி, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்..."

கும்பிட நினைத்தாள்.

அவருக்குப் பின்னால், சாவி இல்லாத இயந்திரத்தில், வெள்ளைக் கைகள் ரெண்டும் மெதுவாக மேலே வந்தன. நெஞ்சளவுக்கு. மூன்று விரலும் மூன்று விரலும் ஒட்டின. கும்பிட்டன.

"ஏ, இங்க பாரு!" முதலாளி துள்ளினார். "யாரு சொல்லிக் குடுத்தது? நீதான இன்ஜினியரம்மா? மொதலாளின்னா அதுக்கே மருவாதி தெரியுது!" செல்போனை எடுத்தார்.

கிருஷ்ணப்ரியா உள்ளங்கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். சுவரில் இறங்கிக் கிடந்த சுவிட்சைப் பார்த்தாள். டிபன் கேரியர் கீழே விழுந்தது. தயிர்சாதம் ஒரு வெளுத்த சதுரத்தில் சிந்தியது. வாசலைப் பார்த்து நடந்தாள். பிறகு ஓடினாள்.

பேபிக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், நிற்காமல் வந்தது. துடைக்க வேண்டும். நினைக்கக்கூடாது. நினைக்கவே கூடாது.

நினைத்துவிட்டாள்.

வலது இரும்புக் கை பிரிந்தது. இன்னும் உயர்ந்தது. ஒரு பெண்ணின் முகம் இருக்கிற உயரத்துக்கு வந்து நின்றது. அங்கே முகம் இல்லை. இல்லாத முகத்தில் இல்லாத முந்தானையை ஒற்றி ஒற்றித் துடைத்தது. மெதுவாக. அவள் துடைப்பது மாதிரியே, முதலில் இடது கண், பிறகு வலது. நெற்றியில் விழாத முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகியது. காது இல்லை. மறுபடி துடைத்தது.

முதலாளி சிரித்தபடி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

பேபிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.