இருபத்து நான்கு காதுகள்

முதலில் விழுந்தது பழக்கூடை.

ஜூன் மாத மழை. சீனாவின் நிங்போ நகரத்தில் அது எப்போது ஓய்ந்தது, எப்போது மறுபடி பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. பேருந்திலிருந்து இறங்கிய வெய்லான், அக்கா வீட்டுக்காகப் பக்கத்து ஊரான சிஷியிலிருந்து வாங்கிவந்த யாங்மெய் பழக்கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் கடைக்குள் ஓடினாள். அதே நொடியில் உள்ளிருந்து ஒருவன், பாதி பீப்பாய் போன்ற ஒரு பிளாஸ்டிக் தொட்டியைச் சுமந்தபடி பின்பக்கமாக நடந்து வெளியே வந்தான்.

மோதல். கூடை இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது. கருஞ்சிவப்புச் சாறு அவளுடைய வெள்ளைச் சட்டையில் பூப்போல விரிந்தது.

"கண்ணு முதுகுலயா இருக்கு?"

"இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் முன்னாடியே பாத்திருப்பேனே..." என்றபடி திரும்பியவன், அதற்கு மேல் பேச மறந்தான். அவளுடைய இமைகளில் மழைத்துளிகள் நின்றன. ஒன்றுகூட விழவில்லை... அவள் அவ்வளவு கோபமாக முறைத்தாள்.

கைமிங் சுதாரித்துக்கொண்டான். "தேய்க்காதீங்க. இந்தக் கறை தேய்ச்சா உள்ள போயிடும். பச்சைத் தண்ணி, உப்பு, அப்புறம் மெஷின்ல நாப்பது நிமிஷம். சுடுதண்ணி மட்டும் ஆகாது."

"எவ்வளவு ஆகும்?"

"இடிச்சது நான். காசு எதுக்கு?"

எதிர்க் கடையில் அரிசிக் கேக் விற்கும் ருவான் அத்தை தலையை நீட்டினாள். "இனாமா துவைச்சுத் தர்றானா? பொண்ணே, எதுக்கும் சட்டைப் பட்டனை எண்ணி வெச்சுக்க."

வெய்லானுக்கும் அதே சந்தேகம்தான். சும்மா கிடைக்கும் எதையும் அவள் நம்பியதில்லை. அவன் நீட்டிய வேலைச் சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனவள், தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகே உடை மாற்றினாள்.

வெளியே வந்ததும்தான் சுவரில் இருந்த நீலப் பலகையைக் கவனித்தாள். அனுமதி பெற்ற பழுதுபார்ப்பு நிலையம்... அவள் வேலை பார்க்கும் அதே கம்பெனி. மேசைமேல் கிடந்த தொட்டி இன்னும் மோசம். அது அவளே வரைந்தது. ஏழு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது' என்று எல்லோரும் விலையாலேயே கூப்பிடும் அந்த முன்கதவுச் சலவை மெஷினுக்காக வரைந்தது. அதன் விளிம்பை யாரோ ரம்பத்தால் சுற்றிலும் அறுத்திருந்தார்கள்.

நல்ல மெஷினை அறுத்துவிட்டு ஆட்களிடம் பணம் பறிக்கிற கடைகள் இருப்பதாக ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். இதுவும் அப்படித்தானோ... அவள் தான் யாரென்று சொல்லவில்லை.

"இதை எதுக்கு மாஸ்டர் அறுத்து வெச்சிருக்கீங்க? நல்லாத்தானே இருக்கு."

"பாக்க நல்லாத்தான் இருக்கும்." சட்டையை மெஷினுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினான். 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது. "அஞ்சு வருஷத்துல ரப்பர் சீல் தேஞ்சு பேரிங்குக்குத் தண்ணி போயிடும். சுத்தும்போது ரயில் ஓடுற மாதிரி சத்தம். பேரிங் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஆனா கம்பெனிக்காரன் செலவைக் குறைக்கத் தொட்டியை ஒரேயடியா ஒட்டிட்டான். திறக்க முடியாது. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கறான்."

"அவங்க குறைச்ச விலைக்குத் தர்றாங்க. அதுக்கேத்த மாதிரிதானே செய்வாங்க..."

"நாங்க ஒண்ணும் தங்கத்துல கேக்கலையே. ஆயிரத்துக்கு ஒரு யுவான் கம்மின்னாலும் எங்க சந்துல அது ஒரு மாசக் கனவு." தொட்டியின் விளிம்பை விரலால் தடவினான். குரல் சற்றுத் தணிந்தது. "ஆனா அந்தக் கம்பெனியில ஒரே ஒரு நல்ல மனுஷன் இருக்கார். ஒட்டின இடத்தைச் சுத்தி வெளிப்பக்கமா சின்னச் சின்னக் காது விட்டிருக்கார். ஒட்டினதுக்கப்புறம் அதுக்கு வேலையே இல்ல. ஆனா அறுத்து, பேரிங்கை மாத்தி, காதுல ஸ்க்ரூ போட்டா தொட்டி பழையபடி சேந்துக்கும். பின்னாடி ஒரு காலத்துல யாராவது திறக்க வேண்டியிருக்கும்னு நினைச்சிருக்கார் பாருங்க..."

வெய்லான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னம் சூடாகியது.

"வயசானவரா இருக்கும். தடிக் கண்ணாடி, ஓய்வுபெறப் போறவர். ரெண்டு வருஷமா அவர்கிட்ட மனசுக்குள்ளயே பேசிட்டிருக்கேன்."

சிரிப்பை அடக்கப் போனவள் வாயை விட்டாள். "இருபத்தி நாலுலயும் ஸ்க்ரூ போடுவீங்களா, இல்ல ஒண்ணு விட்டு ஒண்ணா?"

கைமிங்கின் கை நின்றது.

தொட்டி அவள் பக்கம் பின்புறத்தைக் காட்டியபடி கிடந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து ஒரு காதுகூடத் தெரியாது.

"இருபத்தி நாலுன்னு நான் சொல்லவே இல்லையே."

போன வாரம்தான் கம்பெனியிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்திருந்தது. தொட்டியை அறுக்கிற கடைகளின் பலகை பறிக்கப்படும். சோதனைக்கு ஆள் சாதாரண வாடிக்கையாளர் மாதிரியே வருவார். பலகை போனால் கம்பெனி சீலும் பேரிங்கும் தராது. அதோடு கடை முடிந்தது. மழைக்கு ஒதுங்கினாளாம்... பழக்கூடையாம்...

"நீங்க கம்பெனி ஆளா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஆமா. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி..."

"சட்டையைக் கறையாக்கிக்கிட்டு வேவு பாக்கறது புது முறையா இருக்கே."

"என்னைப் பாத்தா வேவு பாக்க வந்தவ மாதிரியா தெரியுது? நல்ல தொட்டியை அறுத்து வெச்சிருக்கீங்கன்னுதான் கேட்டேன். நீங்க எத்தனை பேரை ஏமாத்தியிருக்கீங்களோ... எனக்கு என் சட்டை வேணும்."

"நடுவுல கதவு திறக்காது."

"தெரியும். அந்தப் பூட்டைப் போட்டதே நாங்கதான்."

இன்னும் முப்பத்தொரு நிமிடம். அவள் ஒரு மூலையில், அவன் ஒரு மூலையில். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை எழுந்து விழுந்து எழுந்தது. பழைய மெஷின்தான்... ஆனாலும் நீரைப் பிழிய வேகமெடுத்தபோது தரைகூட அதிரவில்லை. எவ்வளவு சுத்தமான வேலை, என்று அவளுடைய காது ஒத்துக்கொண்டது. வாய் ஒத்துக்கொள்ளவில்லை.

சட்டையை மடித்து நீட்டியபோது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அறிக்கையில என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதுங்க. பலகையைக் கழட்டிக்குங்க. அந்தக் காதுங்களை மட்டும் எழுதாதீங்க. பெரியவர் யாருக்கும் தெரியாமத்தான் வெச்சிருப்பார். வேலை போயிடும்."

வெய்லான் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து, அவனுடைய வேலைச் சட்டையை மேசைமேல் வைத்தாள். நான்தான் அது, என்று சொல்ல ஒரு நொடி போதும். வேவுகாரி என்றவனிடம் அவள் ஏன் சொல்ல வேண்டும்... மழையில் இறங்கி நடந்தாள். சட்டையில் கறை துளியும் இல்லை.

*

பத்து நாள் கழித்து, அதே மழை, அதே கடை. கையில் ஒரு உறையோடு அவள் வாசலில் நின்றாள்.

கைமிங் நிமிர்ந்தான். நெஞ்சு ஒரு முறை தாறுமாறாக அடித்தது. அதை அவன் கோபம் என்றே எடுத்துக்கொண்டான். "பலகையைக் கழட்ட ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்தீங்களா, நான் தரட்டுமா?"

"முதல்ல படிங்க."

படித்தான். அனுமதி பெற்ற கடைகள் தொட்டியை அறுத்துச் சரிசெய்யலாம். சீலையும் ஸ்க்ரூக்களையும் கம்பெனியே அனுப்பும். அவன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

"இதுல என்ன உள்குத்து?"

"எதுவும் இல்ல. காதுங்களைப் பத்தி மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன். கத்தித் தீர்த்தார். அப்புறம் இந்தச் சந்துல எத்தனை பேர் சரிசெஞ்ச பழைய மெஷினை நம்பி, பிள்ளைங்க கல்யாணத்துக்கும் எங்க மெஷினையே வாங்கியிருக்காங்கன்னு விற்பனைக்காரங்க எடுத்துக் காட்டினாங்க. அடங்கிட்டார்."

"சொல்லிட்டீங்களா? அவ்வளவு கேட்டுக்கிட்டேனே... அந்தப் பெரியவர்?"

"வேலை போகல. கதவு ரப்பர் பிரிவுக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"பாவம்... இந்த வயசுல."

"இருபத்தொம்பது வயசு ஒண்ணும் பெரிய வயசில்ல மாஸ்டர்."

அவன் அவளையே பார்த்தான்.

"நம்ப மாட்டேன்."

"தெரியும். அடியில ஹீட்டருக்கு நேரா இருக்கற காதுல ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அங்கேர்ந்து அறுக்க ஆரம்பிச்சா ரம்பம் ஹீட்டர் வயர்ல படாது."

அந்தப் புள்ளியைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கென்றே யாரோ விட்டுப்போன குறிப்பாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"வேவுகாரின்னீங்க. வீம்பு... அதுவும் இல்லாம, எனக்காகக் கடையையே விடறேன்னு ஒருத்தர் சொன்னா, உடனே பதில் சொல்லத் தெரியல."

"மன்னிச்சிடுங்க."

"நானும் ஏமாத்தறவர்னு சொன்னேனே. சரிக்குச் சரி." அவள் குனிந்துகொண்டாள். இமைகளில் மறுபடி மழைத்துளிகள். "கதவு ரப்பர்லயும் ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கேன். கண்டுபிடிங்க பாக்கலாம்."

"அந்த மெஷின் கெட்டு என்கிட்ட வர அஞ்சு வருஷம் ஆகும்."

"ஆகட்டுமே."

கைமிங் பெஞ்சைத் துடைத்து அவளுக்கு இடம் விட்டான். "ரெண்டு வருஷம் முகம் தெரியாமப் பேசிட்டேன். இன்னும் அஞ்சு வருஷம் என்னால முடியாது வெய்லான்."

தன் பெயரை அவனிடம் சொல்லவே இல்லையே என்று அவள் ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தாள். அவன் கண்கள் தாளின் அடியில், எழுதியவர் என்ற இடத்தில் இருந்த அவளுடைய கையெழுத்தின் மேல் இருந்தன.

சிரித்துவிட்டாள். பிறகு, சிரிப்பு அடங்குவதற்குள், அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் முடியாது," என்றாள்.