கப்பலில் ஒரு வெள்ளைக் கோடு

மழைக்கு ஒதுங்கிய இடத்தில்தான் ஜாய்ஸ் அந்தக் கண்களை முதலில் பார்த்தாள். பார்த்த இரண்டாவது நிமிடமே அவற்றின் சொந்தக்காரனைத் திட்டவும் செய்தாள்.

நெம்மேலி பஸ் ஸ்டாப். ஐப்பசி மழை கடல் பக்கமிருந்து சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் கையில் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே முழ நீளத்தில் ஒரு மரக் கப்பல். அவளே செதுக்கி, ஒட்டி, வண்ணம் பூசியது. மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் அறைக்கு ஒரு கப்பல் வைக்கப் போகிறார்கள். முதலில் கொண்டுபோன கப்பலைப் பார்த்த மேனேஜர், நடுவே ஓடும் வெள்ளைக் கோட்டை எலி கடித்ததா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்று ஐந்து மணிக்கு இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது.

சிவப்பு அடிப்பாகத்துக்கும் நீல மேல்பாகத்துக்கும் நடுவே ஓடும் வெள்ளைக் கோடுதான் எல்லாம். மேலும் கீழும் டேப் ஒட்டி, இடைவெளியில் வெள்ளை பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு டேப்பை எடுக்க வேண்டும். நான்கு வருடமாக அப்படித்தான் செய்கிறாள். இன்று நேரமில்லை... ஓட்டலில் போய்ப் பிரித்துக்கொள்ளலாம் என்று டேப்போடு கிளம்பியிருந்தாள்.

காற்று குடையைத் திருப்பியடித்தது. பக்கத்தில் நின்றவனிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் குடையோடு மல்லுக்கட்டினாள். நிமிர்ந்தபோது பெட்டி மூடி தரையில் கிடந்தது. அவன் விரல்களில் டேப் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா பண்ணீங்க?"

"ஓரம் பிரிஞ்சு தொங்கிச்சுங்க... புது பைக்ல ஒட்டி வருமே, அந்த மாதிரின்னு நெனச்சேன். மெதுவாதான் இழுத்தேன்..."

அவன் இமைகளில் மழைத்துளி. அதைத் தான் கவனித்ததே அவளுக்கு இன்னும் கோபமூட்டியது.

"பெயிண்ட் காயவே இல்ல. தெரியாத பொருள்ல கை வைக்கக் கூடாதுன்னு உங்க வூட்ல சொல்லித் தரலியா?"

பஸ் வந்தது. கப்பலைப் பார்க்கக்கூடத் தைரியமில்லாமல் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே அவன் நனைந்தபடி நின்றான்.

ஓட்டலில் பெட்டியைத் திறந்தவள் மூச்சை மறந்தாள்.

ஒரு மயிரிழை பிசிறில்லை. அவள் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமான கோடு விழுந்ததில்லை. மெல்லப் புரிந்தது... முழுக்கக் காய்ந்த பெயிண்ட், டேப்போடு சேர்ந்து பிய்கிறது. பாதி ஈரத்தில் எடுத்தால் சமர்த்தாக விட்டுவிடுகிறது. நான்கு வருடமாக அவள் அளவுக்கு மீறிக் காத்திருந்திருக்கிறாள்.

மேனேஜர் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, பன்னிரண்டு கப்பல் கேட்டார். எப்படி இவ்வளவு சுத்தம் என்று வியந்தார். நாலு வருடப் பழக்கம் என்றாள் ஜாய்ஸ். அந்தப் பொய் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

ஸ்டாப்பை ஒட்டி டீக்கடை வைத்திருந்த சந்திரம்மாதான் அவனைப் பற்றிச் சொன்னாள். பெயர் பூபாலன். வேடந்தாங்கல் பக்கம். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் ஒப்பந்த வேலை. கப்பல் என்ன ஆயிற்று என்று தினமும் கேட்கிறானாம். நஷ்டஈடாக ஒரு டேப் சுருளும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பார்சல் கட்டுகிற காப்பிக்கலர் டேப்; கப்பலுக்கு உதவாது. ஜாய்ஸுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

ஆனால் அவனிடம் போய்ப் பேசவில்லை. அவளைக் கண்டாலே அவன் ஸ்டாப்பின் மறுமுனைக்குப் போய், அவள் பஸ் ஏறும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு வார்த்தை போதும், அந்தத் தலை நிமிர்ந்துவிடும். அதைச் சொன்னால், எல்லோரும் புகழ்கிற கோடு தன் திறமையில் விழவில்லை என்றும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் மனம் இடம் தரவில்லை. நாளைக்குச் சொல்லலாம்... நாளைக்கு... ஒரு மாதம் ஓடியது. பதினொரு கப்பல்கள். ஒவ்வொன்றிலும் ஈரத்தோடு டேப்பை உரித்தபோது, நினைவில் வந்தவை அவன் விரல்கள்தான்.

பன்னிரண்டாவது கப்பலில் வெள்ளை பூசி முடித்த சாயங்காலம் சந்திரம்மா போன் செய்தாள்.

"இன்னாமே, தெரியுமா? உன் டேப்புக்காரன் வேல முடிஞ்சிடுச்சாம். பையோட நின்னுகினு கீறான். அஞ்சரை பஸ்ஸுக்கு ஊருக்குப் போறான்."

ஜாய்ஸ் கப்பலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டேப்போடு, ஈரத்தோடு.

மூச்சிரைக்க வந்து நின்றவளைப் பார்த்ததும் பூபாலன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் எதையும் தொடலீங்க."

"தொடுங்க. டேப்ப எடுங்க."

"வேணாங்க. ஒருதபா பட்டது போதும்."

"அன்னிக்கு ஒண்ணும் நாசமாவல. உங்களாலதான் அந்தக் கோடு சுத்தமா வந்துச்சு. ஆர்டரும் கெடச்சுது. ஓட்டல்ல என் கைப்பழக்கம்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட உண்மையச் சொல்ல கௌரவம் வுடல." கப்பலை அவன் பக்கம் நீட்டினாள். "நல்லா காயட்டும்னு காத்துகினு இருந்தா பிஞ்சிடுதுங்க... அதான், காயறதுக்குள்ள சொல்லிடறேன். எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

அவன் கைகள் முன்னால் வந்தன. டேப்பின் நுனியைப் பிடித்து, மூச்சை அடக்கி, மடித்தாற்போல் மெதுவாக இழுத்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று. வெள்ளைக் கோடு விடிகிற மாதிரி வெளிப்பட்டது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். ஒரு தரம்... இரண்டு தரம்... பஸ் நகர்ந்தது.

பூபாலன் கப்பலிலிருந்து கண்ணெடுக்கவே இல்லை.

"இன்னொரு பக்கம் கீதே, அத யாரு எடுக்கறது?" என்றபடி கப்பலைத் திருப்பினான்.