முதல் சத்தம்

நாகப்பட்டினத்துக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்த ‘நெய்தல்’ கப்பலில் நாங்கள் ஏறியது ஒரு மார்கழிக் காலையில். இளைஞர்களுக்கான பாய்மரப் பயிற்சிக் கப்பல் அது. நான் எழில்மொழி, கீழ்வேளூர்க்காரி. முழங்கால் ஆழ வயல் தண்ணீரைத் தாண்டி எதையும் பார்த்திராதவள். ஏறிய அன்றே குடல் வாய்க்கு வந்துவிட்டது. முதுகைத் தடவி, எலுமிச்சம்பழத்தை என் மூக்கருகே பிடித்தவள் பூமிகா. நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண்.

விசில் ஊதினால் எழ வேண்டும். தேங்காய் நார் பிரஷ்ஷால் மேல்தளத்தைத் தேய்க்க வேண்டும். கயிறுகளைச் சுருட்டி மாட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சியாளர் பர்வின் மேடம் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாத்திரத்தில் “வந்தேன் மேடம்!” என்று கத்த வேண்டும். புயலில் கொஞ்சம் தாமதித்தாலும் உயிர் போய்விடும் என்பார் அவர்.

பூமிகா மட்டும் இரண்டாம் முறை கூப்பிட்டால்தான் வாய் திறப்பாள்.

“கடல்ல பேரு சொன்னா மொத சத்தத்துக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிருக்காரு. மனுசங்கன்னா மறுபடி கூப்பிடுவாங்க. அது ஒரு தடவதான் கூப்பிடும்.”

எங்கள் வீட்டில் சாமிக்கே இடமில்லை. பேய்க்கு எங்கே போவது? விழுந்து விழுந்து சிரித்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவ லேட்டா பதில் வந்துச்சுன்னா உன்னைக் கரையில எறக்கி விட்டுருவேன்” என்றார். இந்தப் பயணத்தை முடித்தால்தான் பூமிகாவுக்குக் கப்பல் படிப்பில் இடம். அன்று அவள் சோற்றைத் தொடவே இல்லை.

மறுநாள் காலை கடும் பனி. பாய்மரம் பாதிக்கு மேல் தெரியவில்லை. நாங்கள் இருவரும் கப்பலின் முன்முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அலைச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. எங்கிருந்தோ அழுகிய சேற்று வாடை வந்தது. கடலில் சேறு ஏது என்று நினைத்தேன்.

“பூமிகா!”

மேடத்தின் குரல்.

பூமிகா என்னைப் பார்த்தாள்.

“சொல்லித் தொலைடி!” என்றேன், பதறிப்போய்.

“வந்தேன் மேடம்!”

திரும்பிப் பார்த்தோம். சமையல்கார பஞ்சநதம் அண்ணன் மட்டும் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“மேடமா? அவங்க விடியறதுக்கு முன்னாடியே போட்ல கரைக்குப் போயிட்டாங்களேம்மா.”

பூமிகா என் கையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். வாய் அசைந்தது. காற்றுதான் வந்தது.

கத்திப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

சத்தமே இல்லை.

பனிக்குள்ளிருந்து போட் வந்து கப்பலை ஒட்டி நின்றது. மேடம் கயிற்றேணியில் ஏறி வந்தார். போட் கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல், “பூமிகா! இங்க வந்து புடி” என்றார்.

“வந்தேன் மேடம்!”

அவளுடைய குரலேதான். கப்பலுக்கு அடியிலிருந்து வந்தது.

பூமிகாவின் வாய் மூடியே இருந்தது.

“இப்பத்தான் நீ கப்பல்காரி. இனிமே உன்னைக் கரைக்கு அனுப்ப மாட்டேன்” என்று மேடம் அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். பூமிகாவின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. எனக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.

அப்போது, எங்களுக்கு நேர் கீழே, தண்ணீரிலிருந்து...

“எழிலு!”

பூமிகாவின் குரல். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

பக்கத்தில் நின்ற பூமிகா, இரண்டு கைகளாலும் என் வாயை இறுகப் பொத்தினாள்.