ஜானை எழுத மாட்டேன்

ஆறாம் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். முப்பத்தேழு பேரும் ஆங்கிலத் தேர்வில் ஜானைத்தான் எழுதியிருந்தார்கள். முஹ்ஸினா மட்டும் எழுதவில்லை.

‘ஆன் தின் ஐஸ்’, அதாவது எந்த நேரமும் வம்பில் மாட்டக்கூடிய நிலை, என்ற தொடரைச் சொந்த வாக்கியத்தில் அமைக்க வேண்டும். இதுதான் கேள்வி. கைடில் இருந்த பதில்: ‘ஜான் வேலைக்கு மறுபடியும் தாமதமாக வந்தான். அவன் மெல்லிய பனிக்கட்டியின் மேல் நிற்கிறான்.’

முஹ்ஸினா எழுதியது வேறு: ‘போலீஸ் விசில் அடித்த பிறகும் மன்சூர் மாமா ஐந்தருவியில் குளிக்கிறார். அவர் மெல்லிய பனிக்கட்டியின் மேல் நிற்கிறார்.’

ஏசுதாசன் சார் அதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார்.

“ஏட்டி, ஐந்தருவில எங்கன ஐஸ் கெடக்கு? ஜானை அம்பது தடவை எழுதிட்டு வா.”

“எழுத மாட்டேன் சார். சொந்த வாக்கியம்னுதான் கேட்டிருக்கு. ஜான் யாருன்னே எனக்குத் தெரியாது.”

சார் பேனாவை மூடினார்.

“எழுதலைன்னா வெள்ளிக்கிழமை நாடகத்துல நீ கிடையாது.”

நாடகத்தில் முஹ்ஸினாதான் ராணி. மூன்று வாரமாகக் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அதே வசனம்தான். ஆனாலும் அவள் உட்காரவில்லை.

“ஜான் எதுக்கு ஐஸ் மேல நிக்கான்னு யாரையாவது கேளுங்க சார். ஒருத்தர் சரியாச் சொன்னாலும் நூறு தடவை எழுதுதேன்.”

சார் அருண்பாண்டியைப் பார்த்தார். முழு மார்க் வாங்கியவன். அவன் மெதுவாக எழுந்தான்.

“ஜான் ஐஸ் விக்கிறவரு சார். லேட்டா வந்தாரா, அதான் ஐஸ் உருகி மெலிஞ்சு போச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அப்போ, மன்சூர் மாமா எதுக்கு நிக்காரு?”

“தண்ணி செம்மண் கலரா மாறிட்டு சார்! வெள்ளம் வரப் போகுது!”

“இன்னும் கொஞ்ச நேரம் நின்னாருன்னா அடிச்சிட்டுப் போயிரும்!”

“அதுக்கு முன்னால போலீஸ் லத்தி வந்துரும் சார்!”

வகுப்பே கத்தியது. சார் முஹ்ஸினாவின் தாளை வாங்கி, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மார்க் போட்டார்.

“வெள்ளிக்கிழமை வந்துரு. வசனத்தை மறந்தே, தொலைச்சிருவேன். மத்த எல்லாரும் ஜானை அடிச்சிட்டு, உங்களுக்குத் தெரிஞ்ச ஆளை எழுதுங்க.”

“எங்கப்பா எங்கம்மா பிறந்தநாளை மறந்துட்டாரு சார். எழுதலாமா?” என்றான் அருண்பாண்டி.

“அவரும் அங்கனதான் நிக்காரு. எழுதுலே.”

முப்பத்தேழு தலைகளும் குனிந்தன. அன்றுதான் ஏசுதாசன் சார் ஒவ்வொரு தாளையும் கடைசி வரை படித்து மார்க் போட வேண்டியதாயிற்று.