சூனியக்காரி கிடைக்கவில்லை

படம் எடுக்கிறவர்கள் கதாநாயகி கிடைக்காமல் திண்டாடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சூனியக்காரி கிடைக்காமல் திண்டாடிய ஒருத்தியும் உண்டு. அவள் பெயர் லோஷினி. ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். ஜொகூரில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் வீடு.

வினை பள்ளிக்கூடத்தில்தான் தொடங்கியது. திரைப்பட நாளுக்கு ஒவ்வொரு வகுப்பும் ஒரு குட்டிப் படம் காட்ட வேண்டும். பழைய தேவதைக் கதை ஒன்றை எடுத்து, இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொல்ல வேண்டும். "யார் எடுக்கறீங்க?" என்று ஆசிரியை கேட்டதும் லோஷினியின் கை தானாக மேலே போய்விட்டது. அந்தக் கைக்கு எப்போதும் இதே வேலை.

படத்தை நாளைக் காலையில் கொடுக்க வேண்டும். படம் பிடிப்பதோ அப்பாவின் கைப்பேசியில். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் இரவு வேலை. ஐந்து மணிக்கு அவர் மோட்டார் சைக்கிளில் ஏறினால் கைப்பேசியும் கூடவே போய்விடும். அதற்குள் முடித்தால் அவரே ஆசிரியைக்கு அனுப்பிவிடுவார். முடிக்காவிட்டால் ஐந்தாம் ஆண்டுக்குப் படம் கிடையாது. மற்ற வகுப்புகளின் படத்துக்குக் கைதட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். காட்டில் வழி தவறிய அண்ணனும் தங்கையும் பலகாரத்தால் கட்டிய ஒரு வீட்டைப் பார்க்கிறார்கள். உள்ளே பிள்ளைகளை அடுப்பில் சுட்டுத் தின்னும் சூனியக்காரி இருக்கிறாள். அண்ணனாக வகுப்புத் தோழன் ரூபேந்திரன். தங்கையாக லோஷினியின் சொந்தத் தங்கை யஷ்வினி. அவள் முதலாம் ஆண்டு. படம் பிடிப்பது இன்னொரு வகுப்புத் தோழன் கவின். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனை மரங்கள் காடாகிவிட்டன. பெரிய அட்டைப் பெட்டி ஒன்று பலகார வீடாகிவிட்டது. காலையிலேயே எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. சூனியக்காரி வரும் காட்சி மட்டும்தான் பாக்கி.

சூனியக்காரி வேடம் வகுப்புத் தோழி ஃபரீஹாவுக்கு. அவள் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். பிறகு யோசிக்க ஆரம்பித்தாள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

"லோஷினி, இவ ஏன் கெட்டவளா இருக்கணும்?"

"சூனியக்காரி லா. கெட்டவளாத்தான் இருப்பா."

"இப்ப வர்ற படத்துலல்லாம் அப்படி இல்ல. சின்ன வயசுல அவளுக்கு ஏதாச்சும் சோகம் நடந்திருக்கும். அத ஒரு பாட்டுல சொல்வாங்க."

"பாட்டுக்கெல்லாம் நேரமில்ல."

"அப்ப இவ பிள்ளைங்கள சாப்பிட மாட்டா. டியூஷன் சொல்லித் தருவா."

லோஷினி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ரூபேந்திரன் பக்கம் திரும்பினாள். "நீ சூனியக்காரனா நடிக்கிறியா? அண்ணன் இல்லாம சமாளிச்சுக்கலாம்."

"நடிக்கிறேன். ஆனா கடைசியில நான்தான் தங்கச்சிய காப்பாத்துவேன்."

"யார்கிட்டருந்து?"

"என்கிட்டருந்துதான். புதுப் படத்துல வில்லன் திருந்திருவான்."

"சூனியக்காரியே வேணாம்," என்றான் கவின். "அடுப்பு கெட்டதா இருக்கட்டும். அடுப்புக்குச் சோகம் இருக்காது."

"ஏன் இருக்காது? தினமும் சுடுதுல்ல," என்றாள் ஃபரீஹா.

லோஷினிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இவர்களை வைத்துக்கொண்டு படம் எடுப்பதற்குப் பதில் வீட்டைக் கூட்டிப் பெருக்கியிருந்தால் அம்மாவாவது சந்தோஷப்பட்டிருப்பார். உலகத்தில் உள்ள கெட்டவர்கள் எல்லாரும் ஒரே நாளில் நல்லவர்களாகிவிட்டால் கதை எப்படி நடக்கும்?

"சரி, முதல்ல யஷ்வினி பேசுறத எடுப்போம்," என்றாள். அந்தக் காட்சியில் யஷ்வினிக்கு ஒரே ஒரு வரிதான். 'அண்ணா, எனக்குப் பயமா இருக்கு.'

முதல் தடவை யஷ்வினி சிரித்துவிட்டாள். அடுத்த தடவை "அண்ணா, எனக்குப் பசிக்குது" என்றாள். பிறகு அவள் ஒரு வழியாகச் சரியாகச் சொன்னபோது, தடதடவென்று ரயில் போனது. ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

"அக்கா, இப்ப சரியா சொன்னேன்ல?"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்த எரிச்சல் மொத்தமும் அந்தச் சின்னப் பிள்ளையின் தலையில் போய் விழுந்தது.

"ஒரே ஒரு வரி. அதக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியாதா? உன்ன யாரு நடிக்கக் கூப்பிட்டா?"

யஷ்வினியின் உதடு துடித்தது. "நீங்கதான் கூப்பிட்டீங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

கவின் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றான்.

"அலமாக். நிறுத்த மறந்துட்டேன். எல்லாம் பதிவாயிருச்சு," என்றான்.

லோஷினி வாங்கிப் பார்த்தாள். திரையில் ஒருத்தி கண்ணை உருட்டிக்கொண்டு, விரலை நீட்டிக்கொண்டு கத்தினாள். அவளுக்கு எதிரே யஷ்வினி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் நின்றிருந்தாள். பார்க்கவே பயமாக இருந்தது.

"கறுப்புத் துணிகூட வேணாம் போல," என்றான் ரூபேந்திரன். ஃபரீஹா அவன் காலை மிதித்தாள்.

லோஷினிக்கு வெட்கமாக இருந்தது. கைப்பேசியைக் கவினிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

யஷ்வினி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா கத்துனது தப்பு," என்றாள் லோஷினி. "ரயில் போனதுக்கு நீ என்ன பண்ணுவ. மன்னிச்சுக்கோ."

லோஷினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான் சூனியக்காரியா நடிக்கப் போறேன். நீ என்ன வேணா பேசலாம். என்னைத் திட்டக்கூடச் செய்யலாம்."

யஷ்வினி சட்டென்று திரும்பினாள். "நிஜமாவா? அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"படத்துல திட்டுனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

யஷ்வினி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஃபரீஹா கறுப்புத் துணியை லோஷினிக்குப் போர்த்திவிட்டாள். கவின் படம் பிடிக்கத் தொடங்கினான்.

அட்டை வீட்டுக்குப் பின்னாலிருந்து லோஷினி பாய்ந்து வந்தாள். "யாரது என் வீட்டு வாசல்ல? ஓடுங்க! இல்லன்னா பொரிச்சுத் தின்னுருவேன்."

ரூபேந்திரன் நிஜமாகவே இரண்டடி பின்னால் போனான். யஷ்வினி நகரவில்லை. திட்டவும் இல்லை. சூனியக்காரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க ஏன் எப்பவும் கத்துறீங்க?" என்று கேட்டாள்.

இதற்கு லோஷினி ஒரு வசனமும் யோசித்து வைக்கவில்லை. வாய்க்கு வந்ததுதான் வெளியே வந்தது.

"பின்ன என்ன? நான் சொல்றத யாருமே கேக்க மாட்டேங்கறாங்க."

குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது.

யஷ்வினி அப்படியே புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நான் கேக்கறேன். சொல்லுங்க."

லோஷினியும் அவள் எதிரே உட்கார்ந்தாள். காலையிலிருந்து பட்ட பாட்டை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். பலகார வீட்டை எப்படிக் கட்டினாள், வருகிறவர்கள் எல்லாரும் அதை எப்படிக் குறை சொல்கிறார்கள் என்று சொன்னாள். ஃபரீஹா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ரூபேந்திரனும் வந்து உட்கார்ந்தான். 'கட்' சொல்ல வேண்டியவளே சூனியக்காரி ஆகிவிட்டதால் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. கவின் பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருந்தான்.

தலைக்கவசத்தோடு அப்பா பின்வாசலுக்கு வந்தார். "மணியாச்சும்மா. போன் வேணும். படம் முடிஞ்சிருச்சா?"

யஷ்வினி உதட்டில் விரலை வைத்தாள்.

"கொஞ்சம் இருங்கப்பா. சூனியக்காரி இன்னும் சொல்லி முடிக்கல."