கவசத்துக்கு ஒரு பொட்டு

கோயம்புத்தூரில் இப்போது யாரும் தலையில் கவசம் அணிவதில்லை, கழுத்தில் அணிகிறார்கள். சைக்கிளில் ஏறும்போது துண்டு போடுவதுபோல் மலர்க்கவசத்தைப் போட்டுக்கொண்டால் போதும். விழ நேர்ந்தால், முகம் தரையைத் தொடுவதற்குள் அது உப்பி விரிந்து மண்டை, மூக்கு, தாடை எல்லாவற்றையும் மூடிவிடும்.

பழைய ஓட்டுக் கவசம் மண்டையைக் காத்தது, நெற்றியையும் கண்ணையும் ஓரளவு காத்தது. தாடைக்கும் பல்லுக்கும் அதனால் பெரிய பயனில்லை. கொண்டை போட்டுப் பூ வைத்தவர்களோ அதைச் சீண்டவே இல்லை. இரண்டு குறையையும் ஒரே அடியில் தீர்த்தவள் நித்திலா. அவளுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. பெரிய ஆஸ்பத்திரியில் முகத்தையல் பிரிவை வேலையில்லாமல் பூட்டியபோது, அந்தப் பூட்டைப் பார்ப்பதற்கென்றே கிளம்பிப் போனாள்.

"எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டு, பூட்டப் பார்க்க வேற வந்துட்டியாக்கும்?" என்று சிரித்தாள் அந்தப் பிரிவின் டாக்டரான அவள் தோழி மரகதம். பிறகு கவசத்தின் முன்பக்கம் இருந்த விழிப்புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். தரை நெருங்குவதைப் பார்த்துக் கவசத்தை விரியச் சொல்வது அதுதான். "இந்தக் கண்ணு மறைஞ்சா கூவற மாதிரி ஒரு மணி வெச்சுரு நித்திலா."

"நான் வெச்ச கண்ண யாரு மறைக்கப் போறாங்க? மணி வெச்சா அழகு கெட்டுரும்."

உண்மையில் அழகாகத்தான் இருந்தது. காசு அகலத்தில், வட்டமாக, நட்டநடுவில்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு நித்திலாவின் பட்டறைக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். முதல் கவசத்தை மணையில் வைத்து, சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தாள். பொட்டு வைக்க அந்த வட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எது? பொழுது சாய்வதற்குள் ஊரில் எல்லாக் கவசத்துக்கும் அதே இடத்தில் பொட்டு ஏறிவிட்டது.

மறுநாள் விஜயதசமி. மகள் இதழினியை வீணை வகுப்பில் சேர்க்க இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினார்கள். குளக்கரைச் சாலை முழுக்கப் பொட்டு வைத்த கவசங்கள். என் பிள்ளையை ஊரே கும்பிடுகிறது என்று நித்திலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாலையில் முதல் நாள் உடைத்த பூசணிக்காய்கள் சிதறிக் கிடந்தன. எதிரே வந்தவர் அதில் சக்கரம் வழுக்கிக் குப்புற விழுந்தார். கவசம் விரியவில்லை. மூக்கிலிருந்து கொட்டிய ரத்தத்தையும், அதே நிறத்தில் கழுத்தில் இருந்த குங்குமத்தையும் பார்த்ததும் நித்திலாவின் கண் மகளைத் தேடியது.

இதழினி அதற்குள் பாலத்தின் இறக்கத்தை எட்டியிருந்தாள்.

"நில்லு கண்ணு! நில்லு!"

மூச்சு முட்ட மிதித்துப் போய்ப் பிடித்தாள். முந்தானையால் மகளின் விழிப்புள்ளியை அழுத்தித் துடைத்தாள். அது கண் திறந்ததுபோல் பளிச்சென்று நீலமாக மின்னியபோதுதான் உயிரே வந்தது. விழுந்தவருக்கு உதவ வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தாள். தன் கழுத்தில் இருப்பதும் பொட்டு வைத்த கவசம்தான் என்பது அவள் நினைவில் இல்லை. பூசணிக்காய்க்கு அவள் மட்டும் விதிவிலக்கா?

முகத்தையல் பிரிவின் பூட்டை உடைத்துத்தான் திறந்தார்கள். விழுந்தவருக்கு மூக்கைச் சரிசெய்து முடித்த மரகதம் நித்திலாவின் தாடையைத் தைக்க உட்கார்ந்தாள். ஊசியைத் தொட்டே மாதக்கணக்காகிறது. ஆனாலும் கை நடுங்கவில்லை. அதில் அவளுக்கும் பெருமைதான்.

"பொட்ட அழிக்கச் சொல்லி ஊர்ல சொல்லிட்டாங்களா?" உதட்டை அசைக்காமல் கேட்டாள் நித்திலா.

"உம் பொண்ணு பாலத்துல நின்னுட்டு வர்றவங்க போறவங்க எல்லாரையும் நிறுத்தித் தொடச்சு விடறாளாம். ஒருத்தரையும் விடலையாம்."

நித்திலாவின் முகம் வலியையும் மீறி மலர்ந்தது. "அடுத்ததுல மணி வெச்சர்றேன். பொட்டுக்குன்னு தனியா ஒரு எடமும் வெக்கறேன்."

மரகதம் நூலை அறுத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினாள். தாடையில் கறுப்பாக, குண்டாக ஒரு முடிச்சு.

"ஊருக்கெல்லாம் பொட்டு வெச்சியே," என்றாள். "இத்தன பெருமைக்கு உனக்கொரு திருஷ்டிப் பொட்டு வேண்டாமா? நான் வெச்சுட்டேன்."